கூற்றும் எச்சமும்: அமெரிக்கத் துப்பாக்கி உரிமை இயக்கத்தின் பரப்புரை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காகப் பாடுபடுவோரைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு விளக்கங்களே முன்வைக்கப்படுகின்றன. அது ஆயுத வணிகர்களின் பணபலம் என்பது ஒன்று. அமெரிக்கரின் வெறி என்பது மற்றொன்று. மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சுடுகருவிகள் கூடுதல் தண்டனைச் சட்டத்தையும் சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தையும் அறிந்து, துப்பாக்கி என்றதும் தூக்குமேடையை எண்ணி வளர்ந்த தலைமுறையினர் நாம். ஆகவே, படித்த, அமைதியான, அண்டை வீட்டாருக்கு உதவும் மனிதர் ஒருவர் துப்பாக்கிக்காகத் தம் வார இறுதிகளைச் செலவிட்டுத் தொண்டாற்றுவார் என்பது நம் கற்பனைக்கு எளிதில் எட்டுவதில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்காக அந்நாட்டில் தங்கியிருந்த காலத்தில் அத்தகைய ஒருவரை நான் கண்டிருக்கிறேன். சிற்றூர்ச் சந்தைக் கூடம் ஒன்றில் மடக்கு மேசையின் பின்னே அமர்ந்திருந்த மூதாட்டி அவர். மேசைமேல் துப்பாக்கி எதுவும் இல்லை. வாக்காளர் பதிவுப் படிவங்களும், சட்டமன்ற உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் அச்சிட்ட தாளும், வீட்டில் சுட்ட பிஸ்கட்டும் இருந்தன. வாக்குரிமை இல்லாத அயல்நாட்டு மாணவன் என்று நான் சொன்ன பின்னரும் அவர் என்னை அனுப்பிவிடவில்லை. பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, பண்ணை வீடொன்றில் தனியே வாழும் தம் தங்கையைப் பற்றிய கதையைச் சொன்னார். அழைத்தால் காவலர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் என்பது அக்கதையின் சாரம். அக்கதை காட்டிய முடிவை நான் ஏற்கவில்லை. எனினும் கதையை மறக்கவும் இல்லை.

இக்கட்டுரை அந்த மேசையிலிருந்து தொடங்குகிறது. துப்பாக்கி உரிமை இயக்கத்தின் வலிமை அதன் கருவூலத்தைவிட அதன் கதைசொல்லலில் மிகுதியாக உள்ளது என்பதும், அவ்வியக்கத்தின் பெருங்குறையும் அதே கதைசொல்லலில்தான் உள்ளது என்பதும் இதன் கருத்து. இயக்கத்தின் கோரிக்கை சரியா தவறா என்று தீர்ப்பளிப்பதைவிட, அது தன் கோரிக்கையை எவ்வாறு பேசுகிறது, எதனைப் பேசாமல் விடுகிறது என்று காண்பதே திறனாய்வாளனுக்கு உரிய பணி என்று கருதுகிறேன்.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுக்கிறது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், எச்சம் என்னும் நான்கும் ஒரு பேச்சு யாரால், யாரை நோக்கி, எவ்விடத்தில் நிகழ்த்தப்படுகிறது, அதில் சொல்லாது விடப்பட்டது யாது என்னும் வினாக்களோடு தொடர்புடையவை. எச்சம் என்பது சொல்லாலோ குறிப்பாலோ கேட்பவர் நிறைவு செய்துகொள்ள வேண்டிய பகுதி. செய்யுளுக்கென வகுத்தவற்றை அயல்நாட்டு அரசியல் பரப்புரைக்குப் பொருத்துவது தகுமா என்று கேட்கலாம். பரப்புரையும் ஒருவர் மற்றவரை நோக்கிப் பேசும் பேச்சே ஆதலின், இந்நான்கு வினாக்களை அதனிடமும் எழுப்பலாம்.

1. ஒரு பெயர், இரு சங்கங்கள்

தேசிய ரைபிள் சங்கம் 1871ஆம் ஆண்டு நியூயார்க்கில் தோன்றியது. உள்நாட்டுப் போரில் வடமாநிலப் படையினர் குறிபார்த்துச் சுடும் திறனில் பின்தங்கியிருந்ததைக் கண்டு வருந்திய முன்னாள் படை அதிகாரிகள் வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் ஆகியோர் அதனை நிறுவினர். நூறாண்டுக் காலம் அது பெரிதும் சுடும் போட்டிகளையும் வேட்டைப் பயிற்சியையும் நடத்திய சங்கமாகவே விளங்கியது. 1934இல் இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் தேசியச் சுடுகருவிச் சட்டம் ஆராயப்பட்டபோது, சங்கத்தின் அந்நாளைய தலைவர் கார்ல் பிரடெரிக் நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியமளித்தார். மக்கள் வரைமுறையின்றித் துப்பாக்கி சுமந்து திரிவதில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றும், அது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டு உரிமத்துக்கு உட்பட வேண்டும் என்றும் அவர் கூறியது இன்று பலருக்கு வியப்பளிக்கும்.

மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ஆகியோரின் படுகொலைகளுக்குப் பின் 1968இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அதனை எவ்வளவு தூரம் எதிர்ப்பது என்பதில் சங்கத்தின் தலைமைக்கும் உறுப்பினருள் ஒரு பகுதியினருக்கும் இடையே பிளவு வளர்ந்தது. 1974இல் ஆலன் காட்லிப் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டாம் திருத்த அறக்கட்டளையைத் தொடங்கினார். 1977 மே 21ஆம் நாள் ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் கூடிய தேசிய ரைபிள் சங்கத்தின் பொதுக்கூட்டம் அதன் போக்கையே மாற்றியது. தலைமையகத்தைத் தலைநகரிலிருந்து கொலராடோ மாநிலத்துக்குக் கொண்டுசெல்லவும், அரசியலைவிட்டு வேட்டையிலும் இயற்கைப் பாதுகாப்பிலும் கவனம் செலுத்தவும் தலைமை திட்டமிட்டிருந்தது. ஹார்லன் கார்ட்டர், நீல் நாக்ஸ் ஆகியோரைச் சார்ந்த உறுப்பினர்கள் சங்கத்தின் விதிமுறைகளையே கருவியாகக் கொண்டு, இரவெல்லாம் நீண்ட அக்கூட்டத்தில் அத்தலைமையை வாக்கெடுப்பால் நீக்கினர். அன்று முதல் பெயர் மட்டுமே பழையது, சங்கம் புதியது.

இந்நிகழ்ச்சியை இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இவ்வியக்கம் மேலிருந்து வணிகர்களால் கட்டப்பட்டது என்னும் எளிய விளக்கத்துக்கு 1977 இடமளிக்கவில்லை. கூட்ட விதிகளைப் படித்து வந்த சாதாரண உறுப்பினர் ஒரு பெருஞ்சங்கத்தைக் கைப்பற்றினர். ஆயுத உற்பத்தியாளரின் நன்கொடையும் விளம்பரமும் பின்னர் இவ்வியக்கத்துக்குத் துணைநின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பணம் மட்டுமே இயக்கத்தைத் தாங்கியிருந்தால், 2021இல் சங்கம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தில் தோற்றதும், நீண்ட காலம் அதனை நடத்திய வெய்ன் லபியர் 2024இல் பதவி விலக, நியூயார்க் நடுவர் குழு அவரைச் சங்கப் பணத்தை முறைகேடாகச் செலவிட்டவர் எனக் கண்டதும் இயக்கத்தை வீழ்த்தியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. உரிமமின்றியே மறைவாகத் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிக்கும் மாநிலங்கள் 2024க்குள் 29 ஆயின.

மேத்யூ லகோம்ப் 2021இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதற்கு விளக்கம் தருகிறது. சங்க இதழின் தலையங்கங்களையும் செய்தித்தாள்களுக்குத் துப்பாக்கி உரிமையாளர் எழுதிய கடிதங்களையும் பல பத்தாண்டுகளுக்கு ஒப்பிட்டு, இதழ் வளர்த்த சொற்களே கடிதங்களிலும் வருவதை அவர் காட்டினார். துப்பாக்கி ஓர் உடைமை என்ற நிலையிலிருந்து 'நான் யார்' என்னும் வினாவுக்கு விடையாக மாறியது அச்சொற்களின் வழியேதான்.

2. களன்: பேச்சு நிகழும் இடம்

இவ்வியக்கத்தின் பேச்சு பெரும்பாலும் மேடைகளில் நிகழ்வதில்லை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, சுடும் பயிற்சித் திடல், துப்பாக்கிக் கண்காட்சி, மாவட்ட நிர்வாகக் கூட்டம் ஆகியவையே அதன் களன்கள். இவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. மக்கள் வேறு ஏதோவொரு தேவைக்காக அங்கே வருகின்றனர். வந்த இடத்தில் அரசியலைப் பெறுகின்றனர்.

மிச்சிகன் மாநிலத்தில் களஆய்வு செய்த சமூகவியலாளர் ஜெனிஃபர் கார்ல்சன், 2015இல் வெளிவந்த நூலில், உரிமம் பெறுவதற்கான பயிற்சி வகுப்புகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வகுப்புகளில் சுடும் நுட்பத்தோடு, குடும்பத்தையும் பிறரையும் காக்கும் கடமையுடைய குடிமகன் என்னும் ஒழுக்கப் படிமமும் கற்பிக்கப்படுவதை அவர் கண்டார். பெண்களுக்கெனச் சங்கம் 1993இல் தொடங்கிய தற்காப்புக் கருத்தரங்குகளும், ஃபுளோரிடாவின் மேரியன் ஹாமர் 1988இல் உருவாக்கிய 'எடி கழுகு' என்னும் குழந்தைகளுக்கான பாதுகாப்புப் பாடமும் இவ்வகையினவே. துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, பெரியவரிடம் சொல் என்று கழுகு வேடமிட்ட உருவம் சொல்லும்போது எந்தப் பெற்றோரும் அதனை மறுக்கமாட்டார். அதே மேரியன் ஹாமர்தான், தகுதியுடையோர் யாவருக்கும் மறைவாகத் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமம் வழங்கியாக வேண்டும் என்னும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக அம்மாநிலத்தில் முன்னின்று உழைத்தவர். 1995இல் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார். கழுகும் சட்டமும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதைக் கருத்தில் கொள்ளும்போதுதான் பரப்புரையின் முழு உருவம் புலனாகும்.

களனின் ஆற்றலை வர்ஜீனியா மாநிலத்தில் தெளிவாகக் காணலாம். 2019 நவம்பர்த் தேர்தலில் அம்மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் கட்டுப்பாட்டை ஆதரித்த கட்சியின் வசமாயின. அதன்பின் ஏறத்தாழ இரண்டே மாதங்களில் நூற்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களும் நகரங்களும் தங்களை 'இரண்டாம் திருத்தப் புகலிடம்' என அறிவித்துத் தீர்மானம் நிறைவேற்றின. அத்தீர்மானங்களுக்குச் சட்ட வலிமை இல்லை என மாநிலத் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்தார். இருப்பினும், வழக்கமாகக் குப்பை வரியையும் சாலைப் பழுதையும் பேசும் மாவட்டக் கூட்ட அறைகள் ஆரஞ்சு வண்ண ஒட்டுச்சின்னம் அணிந்த மக்களால் நிரம்பின. தொழிலாளியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அங்கே மூன்று நிமிடம் பேசப் பழகினர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக ஒரு மக்கள் இயக்கம் ஏன் உருவாகவில்லை என்று 2006இல் கிறிஸ்டின் காஸ் ஒரு நூல் எழுதினார். கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மை இருந்தும் இத்தகைய களன்கள் மறுதரப்பிடம் இல்லாதிருந்தமை அதற்கு ஒரு முக்கியக் காரணம் எனலாம். 2012இல் நியூடவுன் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பின்னர்த் தோன்றிய தாய்மார் அமைப்பும், 2018இல் பார்க்லேண்ட் மாணவர் தொடங்கிய இயக்கமும் இப்பாடத்தைப் பின்னர்க் கற்றுக்கொண்டன.

3. கூற்று: பேசும் மாந்தர்

சங்க இதழில் பல பத்தாண்டுகளாக வெளிவரும் பகுதி ஒன்று உண்டு. துப்பாக்கி ஏந்திய குடிமகன் என்னும் பொருள்பட அதற்குப் பெயர். நாளிதழ்களில் வந்த செய்திகளைச் சில வரிகளாகச் சுருக்கித் தருவது அதன் முறை. இரவு, தனித்த வீடு, கதவை உடைக்கும் ஓசை, முதியவர் அல்லது தாய், துப்பாக்கி, ஓடிப்போகும் அல்லது விழும் கள்வன், காவலரின் வருகை என அமைப்பு ஏறக்குறைய மாறுவதில்லை. இவை பொய்ச் செய்திகள் அல்ல. தற்காப்புக்குத் துப்பாக்கி பயன்படும் நிகழ்ச்சிகள் உண்மையில் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை குறித்தே ஆய்வாளரிடையே பெருத்த வேறுபாடு உண்டு. திறனாய்வாளன் கவனிக்க வேண்டியது அவற்றின் ஒருமைப்பாட்டை. ஒரே துறையில் பாடப்பட்ட பல பாடல்களைப்போல, மாந்தரும் ஊரும் மாறினும் நிகழ்ச்சி மாறுவதில்லை. தொடர்ந்து படிப்பவர் நாளடைவில் தம் வீட்டையும் அத்துறையின் களமாகக் காணத் தொடங்குகிறார்.

நமது மரபின் கரந்தை வீரனோடு இம்மாந்தரை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். கரந்தை வீரன் ஊரின் ஆநிரைக்காகப் போரிடுகிறான். அவனுக்கு நடப்படும் கல் ஊர் பொதுவில் நிற்கிறது. இவ்விதழ்ப்பகுதியின் மாந்தர் தம் வாயிற்படியில் தனித்து நிற்கிறார். கதை காவலரின் வருகையோடு முடிகிறது. மறுநாள் காலை அவர் எப்படி உறங்கினார், எதிரே விழுந்தவன் யார் மகன் என்பன கதைக்கு வெளியே உள்ளவை.

இக்கூற்றை இயக்கத்தின் சட்டப்பிரிவினர் எவ்வளவு நுட்பமாகக் கையாண்டனர் என்பதற்கு ஹெல்லர் வழக்கு சான்று. 1976இல் வாஷிங்டன் நகரம் கைத்துப்பாக்கியைத் தடை செய்தது. அத்தடையை எதிர்க்க ராபர்ட் லெவி உள்ளிட்ட வழக்கறிஞர் சிலர் தேசிய ரைபிள் சங்கத்துக்கு வெளியே இருந்து, அச்சங்கத்தின் தயக்கத்தையும் மீறி, வழக்கொன்றை உருவாக்கினர். வழக்குக்கேற்ற வாதிகளை அவர்கள் தேடித் தேர்ந்தெடுத்தனர்: மூன்று ஆண்கள், மூன்று பெண்கள், கறுப்பினத்தார், வெள்ளையர், இருபது வயதினர் முதல் அறுபது வயதினர் வரை. பட்டியலில் முதலில் நின்ற ஷெல்லி பார்க்கர், தம் தெருவில் போதைப்பொருள் விற்பவர்களை எதிர்த்து மிரட்டலுக்கு ஆளான கறுப்பினப் பெண்மணி. மற்றொருவரான டாம் பால்மர், தம் பாலின நாட்டத்துக்காகத் தாக்கவந்த கும்பலைத் துப்பாக்கி காட்டித் தடுத்தவர். ஒரு நாடகத்துக்கு மாந்தரைத் தேர்வதைப்போன்றே அத்தேர்வு அமைந்திருந்தது. லெவி அதனை மறைக்கவும் இல்லை. முடிவில், உரிமம் கேட்டு மறுக்கப்பட்ட பாதுகாவலர் டிக் ஹெல்லர் ஒருவருக்கே வழக்காடும் தகுதி உண்டென மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியதால் வழக்கு அவர் பெயரால் வழங்குகிறது. 2008 ஜூன் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்னும் அளவில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2010இல் அவ்வுரிமையை மாநிலங்களுக்கும் விரித்த வழக்கின் வாதி, சிகாகோவில் பலமுறை திருட்டுக்கு ஆளான வீட்டில் வாழ்ந்த எழுபது வயது கடந்த கறுப்பின முதியவர் ஓட்டிஸ் மெக்டொனால்ட்.

இம்மாந்தரின் துயரங்கள் உண்மையானவை. அவற்றைப் போலி என்று ஒதுக்கும் எதிர்த்தரப்புத் திறனாய்வு நேர்மையற்றது. நாம் கேட்க வேண்டியது வேறொரு வினா: இம்மாந்தர் நீதிமன்ற வாயிலில் பெற்ற இடத்தை வெளியிலும் பெற்றனரா?

4. கேட்போர்: செவிசாய்ப்போரும் செவிமறுப்போரும்

1956இல் மான்ட்கமரி நகரில் தம் வீட்டின்மேல் குண்டு வீசப்பட்ட பின்னர் மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமம் கோரி விண்ணப்பித்தார், அது மறுக்கப்பட்டது. வட கரோலைனாவின் மன்ரோ நகரில் ராபர்ட் வில்லியம்ஸ் கறுப்பின மக்களின் தற்காப்புக் குழுவைத் தேசிய ரைபிள் சங்கத்தின் கிளையாகவே பதிவு செய்து, இனவெறியர் தாக்குதலை எதிர்கொண்டார். 1964இல் லூசியானாவில் 'தற்காப்புக்கான டீக்கன்கள்' என்னும் அமைப்பு தோன்றி, அறவழிப் போராளிகளின் உயிரைக் காத்தது. அடித்தள மக்களின் ஆயுத உரிமைச் செயல்பாட்டுக்கு இவற்றினும் பொருத்தமான சான்றுகளைக் காண்பது அரிது.

ஆனால் 1967 மே 2ஆம் நாள் கலிஃபோர்னியச் சட்டமன்றத்துக்குக் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியோடு வந்தபோது, பொதுவிடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டம் விரைந்து நிறைவேறியது. அதில் கையெழுத்திட்டவர் அந்நாளைய ஆளுநர் ரானல்டு ரீகன். 2016 ஜூலையில் மினசோட்டாவில் முறையான உரிமம் பெற்றிருந்த ஃபிலான்டோ காஸ்டீல் என்னும் கறுப்பின இளைஞர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் தாமே அறிவித்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். பயிற்சி வகுப்புகள் கற்பித்த ஒழுக்கப்படி நடந்தவர் அவர். சங்கம் அப்போது வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயர்கூட இடம்பெறவில்லை. அம்மௌனத்தைக் கண்டித்தவர்களுள் துப்பாக்கி உரிமையாளர் பலரும் இருந்தனர் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். 2015இல் தொடங்கப்பட்ட தேசிய ஆப்பிரிக்க அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கம் அதன்பின் விரைந்து வளர்ந்ததற்கு இத்தகைய மௌனமும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

கேட்போர் பற்றிய இரண்டாவது சிக்கல் இதனினும் நுண்மையானது. 2020 ஜனவரி 20ஆம் நாள் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் ஏறத்தாழ 22,000 பேர் திரண்டனர். சட்டமன்ற வளாகத்துக்குள் துப்பாக்கி தடை செய்யப்பட்டிருந்ததால் பெரும்பகுதியினர் நீள்துப்பாக்கிகளோடு வெளித்தெருக்களிலேயே நின்றனர். வன்முறை எதுவும் நிகழவில்லை. கலைந்தபோது குப்பையையும் பொறுக்கிச் சென்றனர். இயக்கத்தினர் இதனைத் தங்கள் ஒழுங்குக்குச் சான்றாகக் கூறுவது நியாயமே. ஆனால் அதே நாளில் ஆண்டுதோறும் அங்கே கூடி, துப்பாக்கிக்கு இரையானோரை நினைவுகூரும் அமைதிக் கூட்டம் அவ்வாண்டு பாதுகாப்புக் கருதிக் கைவிடப்பட்டது. ஒரு தரப்பு கையில் ஆயுதத்தோடு பேசும்போது, மறுதரப்பு மிரட்டப்படாமலேயே பேச்சைக் குறைத்துக்கொள்கிறது. பேசுபவரின் எண்ணம் எவ்வளவு நல்லதாயினும், கையிலுள்ள கருவியும் அக்கூற்றின் ஒரு பகுதியாகவே கேட்போரைச் சென்றடைகிறது. சொல்லுரிமையைக் காப்பதே ஆயுத உரிமை என்னும் இயக்கத்தின் வாதம் இவ்விடத்தில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டியுள்ளது.

5. எச்சம்: சொல்லாது விடப்பட்டது

1791இல் ஏற்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆங்கில மூலத்தில் 27 சொற்களே கொண்டது. முற்பகுதி ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையின் தேவையைக் கூறுகிறது; பிற்பகுதி மக்களின் ஆயுத உரிமையைக் கூறுகிறது. இயக்கத்தின் சின்னங்களிலும் முழக்கங்களிலும் வழங்குவது பெரும்பாலும் பிற்பகுதியே. ஹெல்லர் தீர்ப்பில் நீதிபதி ஸ்கலியா முற்பகுதியை முகவுரை எனவும் பிற்பகுதியைச் செயற்பகுதி எனவும் பிரித்தார்; மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் முற்பகுதியே பிற்பகுதியின் பொருளை வரையறுக்கிறது என்றார். அவ்வுரிமை வரம்பற்றதன்று என்று ஸ்கலியாவே எழுதியிருப்பதும் பரப்புரையில் அருகியே கேட்கும் செய்தி. ஒரே தொடரின் இரு பாதிகளுக்கு இடையிலான உறவைப் பற்றிய உரைவேறுபாடு ஒரு நாட்டின் சட்டத்தையே தீர்மானித்தது என்பது உரைமரபில் பயின்ற நமக்கு வியப்பளிக்காது.

இதனினும் பெரிய எச்சம் ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,204 பேர். அவர்களுள் 27,032 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அதாவது, பாதிக்கும் மேற்பட்ட மரணங்களில் கதவை உடைத்து வந்த கள்வன் இல்லை. வாயிற்படியில் நின்று காப்பவரும் உயிர் இழப்பவரும் ஒருவரே. இயக்கத்தின் கதைத்துறையில் இம்மரணத்துக்கு இடமில்லை. ஏனெனில் அத்துறைக்கு எதிரி ஒருவன் வேண்டும். 2012இல் நியூடவுன் படுகொலைக்குப் பின் லபியர் தீயவனைத் தடுக்க வல்லவன் துப்பாக்கி ஏந்திய நல்லவன் ஒருவனே என்னும் பொருள்படப் பேசினார். நல்லவன், தீயவன் என்னும் அவ்விரு மாந்தருக்கு வெளியே, மனம் சோர்ந்து இரவில் விழித்திருக்கும் மூன்றாமவர் ஒருவர் உள்ளார். அவரும் சங்க உறுப்பினராக இருக்கலாம்.

எதிர்த்தரப்பின் பரப்புரையிலும் இம்மூன்றாமவர் அருகியே காணப்படுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிப் படுகொலைகளே அவர்களின் பேச்சை நிரப்புகின்றன. இரு தரப்பின் கதையும் அயலானின் துப்பாக்கியைப் பற்றியதாகவே உள்ளது.

இவ்வெச்சத்தை நிரப்பும் முயற்சி, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூவர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் உயிர் மாய்த்துக்கொண்டனர். செய்தியறிந்து கலங்கிய கடைக்காரர், பொதுநல மருத்துவத் துறையினரோடும் துப்பாக்கி உரிமையாளரோடும் ஒரே மேசையில் அமர்ந்தார். வாங்க வருபவரிடம் தெரியும் துயரக் குறிகளைக் கடைக்காரர் அறிவதற்கான குறிப்புத்தாளும், நண்பர் மனம் நொந்திருக்கும்போது அவருடைய துப்பாக்கியைச் சில காலம் வாங்கி வைத்திருங்கள் என்று சொல்லும் சுவரொட்டியும் உருவாயின. அம்மாநிலத்தின் துப்பாக்கிக் கடைகளுள் ஏறத்தாழ பாதி அவற்றைப் பயன்படுத்தின. பிற மாநிலங்களும் பின்பற்றின. 2016இல் துப்பாக்கி வணிகர்களின் தேசிய அமைப்பு தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளை ஒன்றோடு கைகோத்தது. உயிர்மாய்க்கும் எண்ணம் பெரும்பாலும் விரைவில் தணிவது. அந்நேரத்தைக் கடத்திவிட்டவருள் மிகப்பெரும்பான்மையினர் பின்னர்த் தற்கொலையால் இறப்பதில்லை என்பது ஆய்வுகள் காட்டும் உண்மை. ஆகவே நண்பர் ஒருவர் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது சிறு செயலன்று.

இச்சுவரொட்டியின் கூற்றைக் கவனிக்க வேண்டும். பேசுபவர் துப்பாக்கி உரிமையாளர், கேட்பவரும் அவரே. களன் துப்பாக்கிக் கடை. சட்டம், தடை, உரிமை என்னும் சொற்கள் எவையும் அதில் இல்லை. அண்டை வீட்டாரைக் காப்பவன் நல்ல குடிமகன் என்னும் இயக்கத்தின் பழைய ஒழுக்கத்தையே அது எடுத்துக்கொள்கிறது. காப்பதற்குரிய செயல் இம்முறை துப்பாக்கியை ஏந்துவதன்று, நண்பர் கையிலிருந்து அதனை வாங்கி வைப்பது.

முடிவுரை

துப்பாக்கி உரிமை இயக்கம் மக்களைச் சென்று சேர்ந்தது, அது மக்களின் இடங்களுக்குச் சென்று, அவர்களுக்குப் பழகிய மாந்தரைக் கொண்டு, நினைவில் நிற்கும் ஒரு கதையைச் சொன்னதால் ஆகும். பணபலம் என்றும் வெறி என்றும் கூறி அதனை ஒதுக்குவோர் அக்கதையைப் படிக்காதவர்கள். படித்தால், அதன் மூன்று குறைகளும் புலப்படும்: வாயிற்படியில் நிற்கும் உரிமை எல்லா நிறத்தாருக்கும் ஒன்றுபோல் வழங்கப்படவில்லை, ஆயுதம் ஏந்திய கூற்று கேட்போரின் நாவைக் கட்டுகிறது, பாதிக்கும் மேற்பட்ட மரணங்கள் கதைக்கு வெளியே கிடக்கின்றன. இவற்றுள் மூன்றாவதை ஓரளவேனும் பேசத் தொடங்கியவர் இயக்கத்தின் உள்ளிருந்தோரே என்பது, எதிர்த்தரப்பின் பேச்சைச் செவிமடுக்க வேண்டியதன் தேவையை நமக்கு உணர்த்துகிறது.

அந்தச் சந்தைக் கூடத்து மூதாட்டியை இன்று காண நேர்ந்தால், காவலர் வர முக்கால் மணி நேரம் ஆகும் அவ்வீட்டைப் பற்றி மீண்டும் கேட்பேன். அவ்வீட்டில் தங்கை தனியே வாழ்கிறார் என்றுதான் அவர் சொன்னார். தனிமையில் அவர் எப்படி இருக்கிறார் என்று நான் அன்று கேட்கவில்லை.